கடற் பஞ்சுக்குப் பெயர்ப் பொருத்தம்

நம் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் 11-ஆம் நாள் புண்ணியாகவாசனம் செய்து பெயர் வைத்து விடுகிறோம். பாட்டனார் பெயரா, குலதெய்வத்தின் பெயரா என்று அதற்கு முந்திய பத்து நாளும் பெரிய விவாதம் நடக்கும். பாட்டி ஒன்று சொல்லுவாள். அத்தை மற்றொன்று சொல்லுவாள். எப்படியும் அந்தப் பொழுது கழிவதற்குள் ஒரு பெயர் ஏற்பட்டு விடுகிறது. அதற்குப் பிறகுதான் குழந்தை குடும்பக் கணக்கில் ஓர் ஆளாகிறது.

பசிபிக் மகா சமுத்திரத்தில் குவாம் என்று ஒரு தீவு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பவழப் பாறைகளில் வாழும் ஒரு பிராணிக்கு, விஞ்ஞானிகள் அதைக் கண்டு எழுதி வைத்த பின்பும் 20 வருஷ காலம் முழுப் பெயர் கிடைக்கவில்லை. அந்த 20 வருஷமும் அது சும்மா இருக்கவுமில்லை. உயிருள்ள பவழங்களைப் போர்த்திக் கொன்று கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்ததன் பலனாகப் பல ஆயிரம் மைலுக்கு இப்பால், நம்முடைய பாக் விரிகுடாவில் அதே பிராணி தலைகாட்டியபோது, 'இது இன்னது' என்று அடையாளம் சொல்ல முடிந்தது.

ஒரு பெயருக்கு இவ்வளவு மகிமையா என்று நேயர்கள் கேட்கலாம். பெயர் வைப்பது எளிது. சரியான பெயரைப் பொருத்துவதுதான் கடினம். அந்தப் பொருத்தத்தை எப்படிப் பார்க்கிறார்கள், அது தவறினால் என்ன நஷ்டம் என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

செடியா, பிராணியா?

ஸ்பஞ்சு என்றால் நம்மில் பலருக்குச் சிலேட்டுத் துடைத்த ஞாபகமும், தபாலாபீஸில் தபால் தலை நனைத்த ஞாபகமும் வரும். இப்போது கடைகளில் விற்பது பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்த இரசாயனச் சரக்கு. ஆனால் பழைய ஸ்பஞ்சு சமுத்திரத்தில் வாழ்ந்த ஒரு பிராணியின் எலும்புக்கூடு என்று சொன்னால், அதைக் கையில் எடுக்கவே சிலர் யோசிப்பார்கள்.

இது செடியா, பிராணியா என்ற சந்தேகம் மிகவும் பழமையானது. கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் இதைப் பற்றி ஆலோசித்திருக்கிறார். இடம் விட்டு இடம் பெயராமல், கை கால் முகம் ஒன்றுமில்லாமல், பாறையில் ஒட்டிக் கிடக்கும் ஒன்றைப் பிராணி என்று ஒப்புக்கொள்ள மனித மனம் தயங்கியது. 1825-ஆம் வருஷத்தில் எடின்பரோ நகரத்தில் ராபர்ட் கிராண்ட் என்ற பண்டிதர், உயிருள்ள ஒரு சிறு பஞ்சைக் கடல்நீர் நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டுப் பூதக்கண்ணாடியின் வழியே நோக்கினார். பஞ்சின் மேலிருந்த துவாரத்திலிருந்து நீர் ஓயாமல் ஊற்றுப்போல் வெளியே பீறிட்டு வந்து கொண்டிருந்தது. உயிரற்ற பொருளும் செடியும் அப்படிச் செய்வதில்லை. 'துளை தாங்கிகள்' என்று பொருள்படும் போரிஃபெரா என்னும் பெயரை இந்த வர்க்கத்துக்கு வைத்தவரும் அவரே.

கடற் பஞ்சின் வாழ்க்கை முறை விசித்திரமானது. அதன் உடலெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கடல்நீர் உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் சிறு சிறு அறைகளின் சுவர்களில், சாட்டைபோன்ற ஒரு மயிரைச் சுழற்றிக் கொண்டிருக்கும் அணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவை நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உணவாக எடுத்துக் கொள்கின்றன. மிச்ச நீர் பெரிய துவாரத்தின் வழியாக வெளியேறுகிறது. வாயில்லை, வயிறில்லை, இருதயமில்லை, மூளையில்லை. ஆயினும் ஜீவனம் குறைவின்றி நடக்கிறது. குஞ்சுப் பருவத்தில் மட்டும் சிறிது காலம் நீந்தித் திரிகிறது. பிறகு ஓரிடத்தில் ஒட்டிக் கொண்டால் அதுவே அதற்கு ஆயுட்கால வாசம்.

இவ்விதப் பஞ்சுகளில் இதுவரை 9,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயர் பெறாதவை இன்னும் ஏராளம்.

கறுப்புப் போர்வை

இனி நம் கதாநாயகனிடம் வருவோம். வில்லன் என்று சொன்னாலும் தவறில்லை.

1973-ஆம் வருஷத்தில் பிரையன் என்ற ஆராய்ச்சியாளர், குவாம் தீவின் ஆழமில்லாத பவழப் பாறைகளில் ஒரு கறுத்த பஞ்சு படர்ந்து வருவதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பஞ்சு என்றால் குண்டாக, மெத்தென்று இருக்கும் என்று எண்ண வேண்டாம். இதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தோசைக் கல்லில் தேய்த்த மாவுபோல மெல்லிய படலமாகப் பரவுகிறது. சாம்பல் நிறம் முதல் கருமை வரையில் இருக்கும். படலத்தின் மேல் ஆங்காங்கே நீர் வெளியேறும் துவாரங்களும், ஒவ்வொரு துவாரத்தைச் சுற்றி நட்சத்திரக் கதிர்களைப்போல் ஓடும் வாய்க்கால்களும் தெரியும்.

அழகாய்த்தான் இருக்கிறது! ஆனால் இது உயிருள்ள பவழத்தின் மேல் ஏறினால், கீழே இருக்கும் பவழப் பூச்சிகள் மடிந்து போகின்றன. சராசரி மாதத்துக்கு 23 மில்லிமீட்டர் வேகத்தில் இது முன்னேறியதாகப் பிரையன் கணக்கிட்டார். கிட்டத்தட்ட ஓர் அங்குலம். இது ஒரு பெரிய வேகமா என்று கேட்கலாம். பாறைபோலத் திரண்டு வளரும் பவழங்களில் பல, ஒரு வருஷம் முழுவதும் வளர்வது ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மாதம் ஓர் அங்குலம் படரும் பகைவனிடமிருந்து அவை எங்கே தப்புவது?

இதன் வலிமைக்கு ஓர் இரகசியம் உண்டு. இந்தப் பஞ்சின் உடலுக்குள் நீலப்பச்சைப் பாசிகள் என்று சொல்லும் நுண்ணுயிர்கள் ஏராளமாகக் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. பஞ்சுக்குக் கருநிறம் கொடுப்பவையும் அவையே. வடிகட்டிய உணவு ஒரு பக்கம், உள்ளேயே சமைத்த உணவு ஒரு பக்கம். இரண்டு வருமானமுள்ள குடும்பம் அது. ஆகையால்தான் வெளிச்சம் நன்றாக விழும் ஆழமற்ற பாறைகளில் இது தழைத்தோங்குகிறது.

பின்னர் 1980-களில், ஜப்பானுக்குத் தெற்கேயுள்ள ரியூக்யூ தீவுகளிலும் பவழப் பாறைகள் கறுத்து மடிந்தன. ஜனங்கள் அதைக் 'கறுப்பு நோய்' என்றார்கள். நோய் என்று பெயரிட்டதனால் மனம் நோய்க்குரிய காரணத்தையே தேடும். உண்மையில் அது நோயே அல்ல. பவழத்தின் மேல் ஏறி அமர்ந்துவிட்ட வேறொரு பிராணி. பெயர் பொருந்தாமற் போனால் யோசனையும் வழி தவறிப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

தோற்றம் என்னும் மாயை

'கறுப்பாக இருக்கிறது, மெல்லியதாக இருக்கிறது, பவழத்தின் மேல் படர்கிறது. இந்த மூன்றும் போதாதா அடையாளம் சொல்ல?' என்று கேட்கத் தோன்றும். போதாது என்பதே பஞ்சு சாஸ்திரத்தின் முதற் பாடம்.

மயிலையும் வான்கோழியையும் குழந்தைகூட வேறுபடுத்தி விடும். பறவைகளுக்குத் திட்டமான உருவம் உண்டு. கடற் பஞ்சுக்கு அப்படி இல்லை. ஒரே இனம், அலை மோதும் இடத்தில் தட்டையாகவும், அமைதியான இடத்தில் விரல் விரலாகவும் வளரக்கூடும். வெயிலில் ஒரு நிறம், பாறையின் நிழலில் ஒரு நிறம். நீரைவிட்டு வெளியே எடுத்துச் சாராயத்தில் போட்டாலோ, பலவற்றின் நிறம் போய் வெளுத்து விடுகிறது. மறுபுறம், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நாலைந்து பஞ்சுகள் இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஒரே மாதிரி தோற்றமளிப்பதும் உண்டு.

பவழத்தின் மேல் கறுப்பாய்க் காண்பதெல்லாம் பஞ்சாகவும் இருக்க வேண்டியதில்லை. 'கறுப்புப் பட்டை நோய்' என்று மெய்யாகவே ஒரு பவழ வியாதி இருக்கிறது. அது நுண்ணுயிர்களால் உண்டாவது. பஞ்சுகளிலும், கிளியோனா வகையைச் சேர்ந்தவை பவழத்தைத் துளைத்து உள்ளே குடைந்து செல்கின்றன. நம் கறுப்புப் பஞ்சோ மேலே போர்த்துவதோடு நின்று விடுகிறது. ஒன்று சுவருக்குள் கன்னம் வைக்கும் திருடன். மற்றொன்று வாசலை அடைத்துப் பந்தல் போடும் போக்கிரி. இரண்டு பேருக்கும் ஒரே சட்டப் பிரிவைப் போட முடியுமா?

ஊசிகளின் சாட்சியம்

அப்படியானால் நம்பத்தகுந்த சாட்சி எது? பஞ்சின் உடலுக்குள் ஆயிரக்கணக்காக மறைந்து கிடக்கும் ஊசிகளே.

பெரும்பாலான கடற் பஞ்சுகள் தங்கள் உடலைத் தாங்குவதற்கு நுண்ணிய ஊசிகளை உண்டாக்கிக் கொள்கின்றன. சிலவற்றின் ஊசி சுண்ணாம்பினால் ஆனது. மிகுதியானவற்றின் ஊசி, கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிகாவினால் ஆனது. ஒரு துளி அமிலம் விட்டால் சுண்ணாம்பு ஊசி பொங்கிக் கரைந்து விடும். கண்ணாடி ஊசி அசையாது. முதற் பிரிவினை அத்துடன் முடிந்தது.

பிறகு வேலை தொடங்குகிறது. முக்குளிப்பவர் கடலுக்குள்ளேயே பஞ்சை இருந்த இடத்தில் படம் பிடிக்கிறார். நிறம், தொட்டால் எப்படி இருக்கிறது, மணம் உண்டா, எத்தனை அடி ஆழம், எதன் மேல் வளர்ந்தது என்பதையெல்லாம் குறித்துக் கொள்கிறார். இவற்றை அப்போதே எழுதாவிட்டால் பின்னர் எந்தப் பூதக்கண்ணாடியும் சொல்லாது. ஒரு துண்டைக் கத்தியால் சுரண்டி எடுத்துச் சாராயம் நிறைந்த குப்பியில் போட்டு, தேதியும் இடமும் எழுதிய சீட்டை உடன் வைக்கிறார்.

கரை சேர்ந்ததும், அரிசியளவு துண்டு ஒன்றைச் சலவைக்குப் பயன்படுத்தும் பிளீச்சிங் திராவகத்தில் போடுகிறார்கள். சதையெல்லாம் கரைந்து, அடியில் வெண்மையான ஒரு மண்டி தங்குகிறது. அதைப் பல முறை தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் பரப்பிக் காய வைத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தால், ஒரு புதிய உலகமே தெரிகிறது.

நம் குழந்தைகள் ஆடும் கிட்டிப்புள்ளைப்போல் இரு முனையும் கூரான ஊசிகள் சில. ஒரு முனை கூராகவும் மறு முனை மழுங்கியும் இருப்பவை சில. குண்டூசியைப்போல் தலையுள்ளவை சில. இவை பெரிய ஊசிகள். இவற்றுக்கிடையே, நெருஞ்சி முள்போல் எல்லாப் பக்கமும் முள் நீட்டியவை, நங்கூரம்போல் வளைந்தவை, வில்லைப்போல் நாணேற்றியவை என்று மிகச் சிறியவையும் உண்டு. எந்த எந்த ஊசி, எந்த அளவில், எந்தச் சேர்க்கையில் இருக்கிறது என்பதே ஒரு பஞ்சின் ஜாதகம். குறைந்தது இருபத்தைந்து முப்பது ஊசிகளையாவது நீளமும் தடிப்பும் அளந்து குறிக்க வேண்டும். அளவு கோல், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான். மற்றொரு துண்டை மெல்லியதாகச் சீவி, ஊசிகள் உடலுக்குள் கற்றை கற்றையாக நிற்கின்றனவா, வலைபோல் பின்னியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

நம் கறுப்புப் பஞ்சை இவ்வாறு சோதித்தால் கிடைப்பது ஒரே வகை ஊசி: குண்டூசி. சுமார் கால் மில்லிமீட்டர் நீளம். தடிப்போ மூன்று நான்கு மைக்ரான்தான். வில், நங்கூரம், நெருஞ்சி முள் எதுவும் கிடையாது. விசேஷம் குண்டூசியின் தலையில் இருக்கிறது. அது உருண்டையாக இல்லாமல் நான்கு புடைப்புகளாகப் பிரிந்து, சமையலறைக் கிராம்பின் தலையை நினைவூட்டுகிறது. கண்ணால் பார்த்தபோது இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றியவை இங்கே பிரிந்து விடுகின்றன. துளைக்கும் கிளியோனாவுக்கும் குண்டூசிதான். ஆயினும் அதில் தலை பெரும்பாலும் உருண்டையாக இருக்கும், பல இனங்களில் முறுக்கிய சிறு முள்ளூசிகளும் சேர்ந்திருக்கும். வேறு சில கறுத்த பஞ்சுகளில் ஊசியே இராது; மணலைப் பொறுக்கி உடலுக்குள் வைத்துக் கொண்டிருக்கும்.

குலமும் கோத்திரமும்

சாட்சியம் கிடைத்தால் தீர்ப்பு எழுதலாம். கண்ணாடி ஊசியும் மெத்தென்ற உடலும் இருப்பதால் டெமோஸ்பாஞ்சியே என்னும் பெரிய வகுப்பு. பஞ்சு இனங்களில் மிகப் பெரும்பான்மையானவை இவ்வகுப்பையே சேர்ந்தவை. குண்டூசி மட்டும் இருந்து சிற்றூசிகள் இல்லாமையால் ஸூபெரிட்டிடே என்னும் குடும்பம். தலை புடைத்துப் பிரிந்திருப்பதாலும் மெல்லிய படலமாக வளர்வதாலும் டெர்ப்பியோஸ் என்னும் பேரினம். இந்தப் பேரினத்தை 1864-ஆம் வருஷத்திலேயே, கரீபியன் கடற் பஞ்சுகளை ஆராய்ந்த துஷாஸேங், மிக்கெலோட்டி என்னும் இருவர் ஏற்படுத்தி விட்டார்கள். ஆகவே குடும்பப் பெயர் தயாராகவே இருந்தது. குவாமில் 1973-ல் எழுதிய கட்டுரையிலும் 'டெர்ப்பியோஸில் ஏதோ ஓர் இனம்' என்ற அளவில்தான் குறித்திருந்தார்கள். அதாவது, வீட்டுப் பெயர் தெரியும். பிள்ளையின் பெயர் தெரியாது.

அதைத் தீர்த்து வைத்தவர்கள் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தைச் சேர்ந்த கிளாவுஸ் ருட்ஸ்லரும், ரியூக்யூ தீவுகளின் பவழ அழிவை ஆராய்ந்த காதரின் மியூஸிக் அம்மையாரும். இதற்கு முன் பெயர் பெற்ற எந்த டெர்ப்பியோஸுடனும் இது ஒத்துப் போகவில்லை என்று கண்டு, 1993-ஆம் வருஷத்தில் டெர்ப்பியோஸ் ஹோஷினோட்டா என்று பெயர் சூட்டி, ஊசிகளின் அளவும் படமும் உட்குடியிருக்கும் பாசிகளின் விவரமும் அடங்கிய வர்ணனையைப் பிரசுரித்தார்கள். ஜப்பானியக் கடற் பஞ்சு நிபுணரான ஹோஷினோவின் பெயர் அதில் அடங்கியிருக்கிறது.

புதுப் பெயர் சூட்டினால் மட்டும் போதாது. வர்ணனைக்கு ஆதாரமான அசல் துண்டை ஒரு பொருட்காட்சிச் சாலையில் ஒப்படைக்க வேண்டும் என்பது சாஸ்திர மரபு. பின்னால் எவருக்காவது சந்தேகம் வந்தால், அந்த மூலத் துண்டோடு தம்முடையதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்திரப் பதிவு ஆபீஸில் மூலப் பத்திரம் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

இந்தக் குலமுறை என்றும் மாறாத கல்வெட்டு அல்ல. உயிரணுக்களின் டி.என்.ஏ. சாட்சியத்தைக் கொண்டு கடற் பஞ்சு வரிசைகள் பலவற்றை 2015-ல் மாற்றி அமைத்தார்கள். ஹட்ரோமெரிடா என்ற பழைய வரிசை கலைந்து, நம் கறுப்புப் பஞ்சின் குடும்பம் ஸூபெரிட்டிடா என்ற வரிசைக்குள் வந்தது. ஆயினும் கிராம்புத் தலைக் குண்டூசி மாறவில்லை. வீட்டு எண்ணை நகரசபையார் மாற்றினாலும் வீட்டுக்காரர் மாறுவதில்லை அல்லவா?

நம்முடைய கடலில்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் குடாக்கடலில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றிலும் பவழப் பார்கள். கரைக்கு அரணாக நின்று அலையின் வேகத்தைத் தணிப்பவை அவை. மீன்களுக்குப் பிறந்த வீடும் அவையே. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவழத்தை நெடுங்காலம் வெட்டி எடுத்ததன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கி மறைந்தே போயின. 1986-ல் இப்பிரதேசம் கடல் தேசியப் பூங்காவாயிற்று. பின்னர் 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறியதால் பவழங்கள் வெளுத்து மடிந்தன. மிச்சமிருக்கும் பவழம் நமக்கு எவ்வளவு அருமையானது என்று சொல்ல வேண்டியதில்லை.

இக்கடலின் பஞ்சுகளுக்குப் பெயர் வைத்த சரித்திரம் முத்திலிருந்து தொடங்குகிறது. இலங்கைக் கரையில் பல வருஷங்கள் முத்துச் சலாபம் பொய்த்துப் போனதால், காரணம் கண்டு சொல்லும்படி இங்கிலாந்திலிருந்து ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் 1902-ல் வரவழைக்கப்பட்டார். அவர் முத்துப் பார்களில் சேகரித்த பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து 1905-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். நம் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் பஞ்சுகளைப் பற்றி மாரிஸ் பர்ட்டன் எழுதியது, 1937-ல் சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் வெளியீடாக வந்தது. டெண்டி வர்ணித்த மூலத் துண்டுகள் லண்டன் மாநகரத்தில் இருக்கின்றன. நம் கடலில் முளைத்த பஞ்சின் மூலப் பத்திரத்தைப் பார்க்க, நம்மவர் சமுத்திரம் கடக்க வேண்டியிருந்தது!

அந்த நிலைமை மண்டபத்தில் மாறியது. 1947-ல் ஏற்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் சில வருஷங்களுக்குள் அங்கே குடிபுகுந்தது. அந்த நிலையத்தைச் சேர்ந்த பி. ஏ. தாமஸ் பல ஆண்டுகள் உழைத்து, மன்னார் குடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக 200-க்கும் மேற்பட்ட பஞ்சு இனங்களை இனம் கண்டு எழுதினார். சங்கையும் முத்துச் சிப்பியையும் பவழத்தையும் துளைக்கும் பஞ்சுகளைப் பற்றி அவர் எழுதியவை, சாஸ்திரத்துக்கு மட்டுமின்றி மீன் தொழிலுக்கும் உபயோகமானவை.

இத்தகைய அடித்தளம் இருந்ததால்தான், பாக் விரிகுடாப் பாரில் கறுப்புப் போர்வை தோன்றியபோது நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் திகைத்து நிற்கவில்லை. அது டெர்ப்பியோஸ் ஹோஷினோட்டாவே என்று 2015-ல், 'கரண்ட் ஸயன்ஸ்' என்னும் நம் தேசத்துச் சஞ்சிகையில் அறிவித்தார்கள். குவாமில் பெயரற்றுத் திரிந்தது, தைவானில் காணப்பட்டது, ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் காணப்பட்டது, மாலத் தீவுகளில் காணப்பட்டது, நம் வாசலிலும் வந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் 1993-ல் ஏற்பட்ட அந்த ஒரு பெயர்தான்.

கதை இதோடு முடியவில்லை. மன்னார் குடாவில் பவழங்களின் மேல் படர்ந்து கொல்லும் மற்றொரு பஞ்சையும் சில வருஷங்களுக்குப் பின் ஆராய்ந்தார்கள். பவழக் கொல்லி என்றால் டெர்ப்பியோஸ்தான் என்று யாரேனும் பொத்தாம் பொதுவாக எழுதி விட்டிருந்தால் உண்மை மறைந்தே போயிருக்கும். அது டெர்ப்பியோஸ் அல்ல. முள் நிறைந்த ஊசிகளும் வில்லும் நங்கூரமும் உடைய கிளாத்ரியா பேரினத்தைச் சேர்ந்தது. கிளாத்ரியா அசெராட்டோ-ஆப்டூஸா என்ற இனம் என்று 2020-ல் நிர்ணயித்தார்கள்.

இந்தப் பெயரின் வயதைக் கேட்டால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள். 1887-ஆம் வருஷத்தில் இதை முதன்முதலாக வர்ணித்தவர் ஹென்றி ஜான் கார்ட்டர். பம்பாயில் வைத்தியராக உத்தியோகம் பார்த்த காலத்தில், அவ்வூர்க் குளங்களில் வளரும் நன்னீர்ப் பஞ்சுகளைக் கண்டு இந்தச் சாஸ்திரத்தில் ஈடுபட்டவர் அவர். பர்மாக் கரையிலுள்ள மெர்குயித் தீவுகளில், கல்கத்தாப் பொருட்காட்சிச் சாலைக்காக ஜான் ஆண்டர்ஸன் சேகரித்த பஞ்சுகளுள் இதுவும் ஒன்று. பவழத்தை எவரும் காப்பாற்ற நினைக்காத காலத்தில், பிரயோஜனம் என்னவென்றே தெரியாமல் ஒருவர் அளந்து எழுதி வைத்த ஊசிகளின் விவரம், 133 வருஷங்களுக்குப் பிறகு மன்னார் குடாவில் ஒரு குற்றவாளியை இனம் காட்டிக் கொடுத்தது.

பெயரால் ஆவது என்ன?

'பெயர் தெரிந்துவிட்டது, பவழம் பிழைக்குமா?' என்று கேட்கும் உரிமை வாசகர்களுக்கு உண்டு.

பெயர் மருந்தல்ல. ஆனால் மருந்து தேடும் வழியை அதுதான் காட்டுகிறது. டெர்ப்பியோஸ் வெளிச்சத்தை நம்பி வாழ்கிறது என்று தெரிந்தபின், அதன் மேல் நிழல் விழும்படி மறைத்துப் பார்த்தார்கள்; படர்தல் தடைப்பட்டது. உடலுக்குள் பாசியை வைத்துப் பிழைக்காத வேறொரு பஞ்சுக்கு இதே சிகிச்சையைச் செய்தால் பயன் இராது. பாறைக்குள்ளே குடைந்திருக்கும் கிளியோனாவைச் சுரண்டல் எட்டாது. நோயை மாற்றிச் சொன்ன வைத்தியனின் மருந்து எவ்வளவு உயர்ந்ததானாலும் நோயாளிக்கு என்ன லாபம்?

இன்னொரு விஷயமும் உண்டு. ரியூக்யூத் தீவுகளில் 1980-களில் இப்பஞ்சு ஆதிக்கம் செலுத்திய இடத்துக்குச் சுமார் 25 வருஷங்களுக்குப் பின்னர் மீண்டும் சென்று பார்த்தவர்கள், அது அங்கே மறைந்து போயிருந்ததைக் கண்டார்கள். வந்ததும் போனதும் ஒரே இனம்தான் என்று எதைக் கொண்டு சொன்னார்கள்? முன்னால் சென்றவர்கள் சரியான பெயரோடு எழுதி வைத்த குறிப்பைக் கொண்டுதான். அந்தக் குறிப்பில் 'ஏதோ ஒரு கறுப்பு நோய்' என்று மட்டும் இருந்திருந்தால், தேய்ந்தது எது, வளர்ந்தது எது என்று சொல்ல எவராலும் முடிந்திராது. நம் பாக் விரிகுடாவில் இன்று காணும் கறுப்புத் திட்டு இருபது வருஷம் கழித்துப் பெருகியிருக்குமா, குறைந்திருக்குமா என்று நம் பேரப் பிள்ளைகள் அறிய வேண்டுமானால், இன்று எழுதும் சீட்டில் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

இதற்கு வேண்டிய கருவிகள் பிரமாதமானவை அல்ல. ஒரு குப்பி சாராயம், ஒரு குப்பி பிளீச்சிங் திராவகம், கண்ணாடிச் சில், நல்ல பூதக்கண்ணாடி. கடற்கரை ஜில்லாவிலுள்ள கல்லூரிகள் பலவற்றில் இவை ஏற்கனவே இருக்கின்றன. குறைவாக இருப்பது, பகலெல்லாம் கண்ணிடுக்கி முப்பது ஊசிகளை அளந்து, அது போதாதென்று மேலும் முப்பது அளக்கும் பொறுமை. டி.என்.ஏ. சோதனை வந்துவிட்டதால் அந்தப் பொறுமை தேவையில்லை என்று எண்ணுவது பிசகு. பழைய வர்ணனைகளும் மூலத் துண்டுகளும் ஊசிகளின் பாஷையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பாஷையைப் படிக்கத் தெரியாதவர்கள் கார்ட்டரோடும் டெண்டியோடும் தாமஸோடும் பேசவே முடியாது.

கோலம் போடும்போது ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடித்து விடும் கண்கள் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. தங்கத்தைக் குன்றிமணி எடைக்கும் பிசகாமல் நிறுக்கும் கைகள் நம் ஊரில் உண்டு. அந்தக் கண்ணையும் கையையும் பெற்ற பிள்ளைகளும் பெண்களும் உயிர்நூல் படிக்கப் போகும்போது, மண்டபத்துக் கரையையும் ஒரு முறை எட்டிப் பார்க்கும்படி பெற்றோர்கள் சொல்ல வேண்டும். அலைக்கடியில் பெயர் பெறாமல் காத்திருக்கும் பஞ்சுகள் இன்னும் எத்தனையோ. அவற்றுள் எது பவழத்துக்கு நண்பன், எது பகைவன் என்பது, யாரேனும் ஒருவர் அதன் ஊசியை எடுத்துப் பார்க்கும் வரையில் நமக்குத் தெரியப் போவதில்லை.